கப்பலுக்காகக் காத்திருந்த ரயில் நிலையம்

தனுஷ்கோடிக்குப் போய்வந்த எல்லோரிடமும் அந்தப் படம் இருக்கும். மணல்வெளி, கூரையில்லாத சுவர்கள், நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் நிரப்பிய தொட்டியின் தூண்கள், அருகே சங்கும் பாசிமணியும் விற்கும் கடைகள். 1964 டிசம்பரில் புயல் வந்தது, ரயிலைக் கடல் கொண்டுபோனது, ஊர் அழிந்தது என்பது வரை பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அந்த நிலையம் அங்கே ஏன் முளைத்தது என்பதைத்தான் நாம் அதிகம் பேசியதில்லை.

இரண்டு பக்கமும் கடல். வடக்கே அமைதியான பெண் கடல், தெற்கே சீறுகிற ஆண் கடல் என்று மீனவர்கள் சொல்வார்கள். நடுவில் ஒரு மணல் நாக்கு. குடிக்கிற தண்ணீருக்கு மணலில் ஊற்றுத் தோண்ட வேண்டும். விளைச்சல் என்று எதுவும் கிடையாது. மீனையும் சேது தீர்த்தத்தையும் நம்பி வாழ்ந்த ஓர் இடத்துக்கு, லாபக் கணக்கு பார்க்கும் ஒரு கம்பெனி எதற்காகத் தண்டவாளம் போட்டது? விடை தேடிப் போனால் நாம் சென்று நிற்கும் இடம் ராமேஸ்வரமும் இல்லை, சென்னையும் இல்லை. இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் இருக்கும் ஃபிளீட்வுட் என்ற சிறிய ஊர்.

விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்து மூன்று வருடம் ஆன சமயம். லண்டனிலிருந்து வடக்கே தண்டவாளம் நீண்டுகொண்டிருந்தது. ஸ்காட்லாந்து போகும் வழியில் ஷாப் என்ற மலைமேடு குறுக்கே நின்றது. அன்றைய எஞ்சின்கள் அந்த ஏற்றத்தை இழுக்காது என்று பொறியாளர்கள் பலர் நம்பினார்கள். பீட்டர் ஹெஸ்கெத் ஃபிளீட்வுட் என்ற நிலப்பிரபுவுக்கு அதில் ஒரு வாய்ப்பு தெரிந்தது. மலை ஏற முடியாவிட்டால் என்ன, கடல் இருக்கிறதே! தன் நிலத்தில், முயல்கள் ஓடிக்கொண்டிருந்த மணல்மேட்டில், டெசிமஸ் பர்ட்டன் என்ற கட்டடக் கலைஞரை வைத்து ஒரு நகரத்தையே வரையச் சொன்னார். 1840 ஜூலையில் அங்கே ரயில் வந்தது. லண்டன் யூஸ்டனில் ரயிலேறி ஃபிளீட்வுட்டில் இறங்க வேண்டும். நீராவிக் கப்பலில் ஆர்ட்ராசன் போக வேண்டும். மறுபடி ரயிலேறி கிளாஸ்கோ சேர வேண்டும். பெரிய விருந்தினர் விடுதி ஒன்றும் எழுந்தது. ரயில், கப்பல், மறுபடி ரயில் என்ற இந்தச் சங்கிலியைத்தான் 74 வருடம் கழித்து நம்மவர்கள் எழும்பூரில் ஏறிக் கொழும்பில் இறங்கி அனுபவித்தார்கள்.

ஃபிளீட்வுட்டின் முடிவையும் சொல்லிவிட வேண்டும். 1847-இல் ஸ்காட்லாந்திலிருந்து திரும்பிய விக்டோரியா ராணியே அங்கு கப்பலிலிருந்து இறங்கி லண்டனுக்கு ரயிலேறினார். அதற்குள் ஜோசப் லாக் என்ற பொறியாளர் ஷாப் மலைமீது ரயில் ஏறும் என்று நிரூபித்துவிட்டார். 1848 பிப்ரவரியில் கிளாஸ்கோவுக்கு முழுக்கத் தரைவழியாகவே போக முடிந்தது. இறங்கி ஏற வேண்டிய அவசியம் போனதும் ஃபிளீட்வுட்டின் மவுசும் போனது. ஹெஸ்கெத் ஃபிளீட்வுட் அதற்கு முன்பே கடனில் மூழ்கிச் சொத்துகளை விற்றிருந்தார். ஊர் மீன்பிடித் துறைமுகமாகப் பிழைத்துக்கொண்டது.

ஊர் நொடித்தாலும் யோசனை பரவியது. 1848-இல் அயர்லாந்துக்குத் தபால் கொண்டுபோக ஹோலிஹெட் கரைக்கு மெயில் ரயில் ஓடத் தொடங்கியது. பிரான்ஸுக்குப் போகிறவர்களுக்கு ஃபோக்ஸ்டன் துறைமுகத்தில் ரயில் கப்பலடிக்கே வந்து நின்றது. சூயஸ் கால்வாய் திறந்தபின், இந்தியாவுக்கு வரும் கடிதங்கள் இத்தாலியின் பிரிண்டிசி வரை ரயிலில் வந்து கப்பலேறின. வங்காளத்தில் 1871-இல் பத்மா நதிக்கரையில் கோயாலந்தோ என்ற நிலையம் பிறந்தது. கல்கத்தா ரயிலிலிருந்து இறங்கியவர்கள் அங்கே கிழக்கு வங்காளத்துக்கு ஸ்டீமர் பிடித்தார்கள். ஸ்டீமர் பணியாளர்கள் சமைத்த கோழிக்குழம்புக்கு இன்றும் அந்த ஊரின் பெயர்தான். ஒரு கம்பெனி செய்ததைப் பார்த்து இன்னொரு கம்பெனி செய்தது. எல்லா இடத்திலும் சூத்திரம் ஒன்றுதான்: தரை முடிகிற கடைசி அடிவரைக்கும் தண்டவாளத்தைக் கொண்டுபோ, தண்ணீரில் இருக்கும் நேரத்தைக் குறை, டிக்கெட் ஒன்றாக இருக்கட்டும்.

தமிழ்நாட்டின் தெற்குப் பகுதிக்கு ரயில் வந்ததே கடற்கரையிலிருந்துதான். கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே கம்பெனி 1861-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கித் தஞ்சாவூருக்கும், அடுத்த வருடம் திருச்சிக்கும் வண்டி விட்டது. 1874-இல் அது கர்நாடிக் ரயில்வேயோடு சேர்ந்து தென்னிந்திய ரயில்வே கம்பெனி ஆனது. 1876-இல் தண்டவாளம் தூத்துக்குடியைத் தொட்டது. அங்கிருந்து இரவெல்லாம் கப்பலில் போனால் விடியும்போது கொழும்பு. இந்தக் கப்பலோடு இணைந்த ரயிலைத்தான் முதலில் போட் மெயில் என்றார்கள். தனுஷ்கோடி என்ற பெயர் ரயில்வே அட்டவணையில் ஏறுவதற்கு வெகுகாலம் முன்பே அந்த வண்டி ஓடியது.

இத்தனை பேர் எதற்காக இலங்கைக்குப் போனார்கள்? இங்கே கதைக்குள் ஒரு பூஞ்சை நுழைகிறது. 1830-களிலிருந்தே கண்டி மலைகளில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, மதுரைப் பக்கத்து ஏழைகள் காப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்குப் போய்விட்டுத் திரும்புவார்கள். தொண்டி, தேவிப்பட்டினம், பாம்பன் கரைகளில் தோணி ஏறி மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடப்பார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். 1869-இல் காப்பி இலையில் துருப்பிடித்தது போல ஒரு நோய் தெரிந்தது. அடுத்த இருபது வருடத்தில் இலங்கைக் காப்பி அடியோடு போனது. அந்த இடத்தில் தேயிலை வந்தது. ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1867-லேயே லூல்கந்துர தோட்டத்தில் அதைப் பயிரிட்டிருந்தார். காப்பிக்குச் சில மாத வேலை. தேயிலைக் கொழுந்தையோ வருடம் முழுக்கக் கிள்ள வேண்டும். ஆண்கள் மட்டும் போய்வருவது போய், குடும்பம் குடும்பமாகக் குடிபெயரும் காலம் வந்தது. ரயில் கம்பெனிக்கும் கப்பல் கம்பெனிக்கும் நிரந்தரப் பயணிகள் கிடைத்தார்கள்.

அந்தப் பயணிகள் கையில் அட்டை டிக்கெட் இல்லை. 1901-இல் இலங்கைத் தோட்ட முதலாளிகள் ஒரு தகர வில்லையைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்ற எண்கள் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். கங்காணி ஆள் பிடித்து வந்து அதைக் கொடுப்பார். வில்லையைக் காட்டினால் ரயிலிலும் கப்பலிலும் காசு கேட்க மாட்டார்கள். அந்தச் செலவு தோட்டக் கணக்கில் ஏறும். பிறகு அது கங்காணி வழியாகக் கூலியாளின் தலையில் கடனாக இறங்கும். ஒரு மனிதரை உள்ளூர் நிலையத்திலிருந்து மலைத்தோட்டத்து லயம் வரைக்கும் ஒரு சரக்குப் பொதியைப் போல அனுப்பிவைத்த அந்த வில்லை, இந்தப் பாதையின் உண்மையான டிக்கெட் என்றே நான் கருதுகிறேன். முதல் வகுப்பில் தேநீர் குடித்தபடி போன துரைகளின் படங்கள் நிறையக் கிடைக்கின்றன. வருமானத்தைக் கொட்டியதென்னவோ கழுத்தில் வில்லை கட்டிக்கொண்டு போன கூட்டம்தான்.

லாபம் இருக்கிற இடத்தில் போட்டியும் வரும். 1906-இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியது இதே தூத்துக்குடி – கொழும்பு தடத்தில்தான். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. அந்தத் தடத்தில் ஏற்கெனவே கப்பல் விட்ட பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியது. அரசாங்கம் 1908-இல் வ.உ.சி.யைச் சிறையில் தள்ளியது. கம்பெனி நொடித்துப்போனது. 1911 ஜூன் 17 அன்று தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலுக்காக மணியாச்சி சந்திப்பில் ரயில் பெட்டிக்குள் காத்திருந்த கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். அது நடந்த சில வாரங்களில், ஆகஸ்டு மாதம், தூத்துக்குடித் தடத்தின் முக்கியத்துவத்தைக் குறைக்கப்போகும் ஒரு வேலை பாம்பன் கடலில் தொடங்கியது.

தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் கணக்கு எளிமையானது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஓர் இரவுக் கடல். ராமேஸ்வரம் தீவின் கிழக்கு முனையிலிருந்து தலைமன்னாருக்கு இரண்டு மணி நேரம். 1902-இல் மதுரையிலிருந்து மண்டபம் வரை பாதை வந்துவிட்டது. தீவுக்குள் பாம்பனிலிருந்து ராமேஸ்வரத்துக்கு 1906-இல் தனியாக ஒரு பாதை போட்டார்கள். இடையில் இருந்த நீரிணையைப் படகில்தான் கடக்க வேண்டும். தீவைத் தாண்டி, ஆதம் பாலத்து மணல்திட்டுகளின் மேலேயே தண்டவாளம் போட்டு நேராக இலங்கைக்குப் போய்விடலாமா என்று கூட அளந்து பார்த்தார்கள். செலவு மலைக்க வைத்தது. பாம்பனில் பாலம், தனுஷ்கோடியில் கப்பல் என்று முடிவாயிற்று.

பாம்பனில் கப்பல் போக வழி விட்டாக வேண்டும். ஆகவே பாலம் நடுவில் திறக்க வேண்டும். அந்தத் திறப்பு சிகாகோவிலிருந்து வந்தது. சிகாகோ ஆற்றின் மேல் ரயில் போக வேண்டும், ஆற்றின் நடுவில் தூணும் கூடாது என்ற நெருக்கடியில் வில்லியம் ஷெர்சர் என்ற பொறியாளர் ஒரு வழி கண்டார். பாலத்தின் இரண்டு பாதிகளும் அடியில் வளைந்த பாதங்களோடு, ஆடும் நாற்காலி பின்னால் சாய்வது போல உருண்டு சாயும். நடுவில் வழி பிறக்கும். 1893-இல் அவர் இறந்தார். அதே வருடக் கடைசியில் அவருடைய காப்புரிமை பதிவானது. தம்பி ஆல்பர்ட் அதை உலகமெங்கும் விற்றார்.

அந்த 1893-இன் செப்டம்பரில், அதே சிகாகோவில் நடந்த சர்வமத மாநாட்டில் சுவாமி விவேகானந்தர் பேசினார். அவரைப் போகச் சொல்லித் தூண்டியவர்களில் ஒருவர் ராமநாதபுரம் அரசர் பாஸ்கர சேதுபதி. விவேகானந்தர் திரும்பி வந்து 1897 ஜனவரி 26 அன்று கால் வைத்த இடம் பாம்பன். அரசரே அவருடைய வண்டியைக் கையால் இழுத்தார். ராமநாதபுரத்திலிருந்து பரமக்குடி, மானாமதுரை என்று மதுரை வரை சுவாமிகள் சாலைவழியாகத்தான் போனார். இந்தப் பக்கம் அப்போது ரயில் இல்லை. பதினேழு வருடம் கழித்து, அவர் பேசிய நகரத்தில் பிறந்த பாலம் அவர் இறங்கிய கரைக்கு வந்து சேர்ந்தது. இந்த இரண்டையும் யாரும் திட்டமிட்டு இணைக்கவில்லை. கடற்கரைகளின் வரலாற்றில் இப்படி நடப்பது சகஜம்.

இரும்புச் சட்டங்களை இங்கிலாந்தின் ஹெட் ரைட்சன் கம்பெனி செய்தது. கரையோடு கரையாக 6,776 அடி நீளம், 145 கண்கள், நடுவில் ஷெர்சர் தூக்குக் கண். சிகாகோவில் மோட்டார் செய்த வேலையை இங்கே மனிதர்கள் செய்தார்கள். கப்பல் வருகிறது என்றால் ரயில்வே ஊழியர்கள் இரு பக்கமும் பிரிந்து நின்று, பல்சக்கரத்தோடு இணைந்த நீண்ட நெம்புகோல்களைத் தள்ளிக்கொண்டு வட்டமாக நடப்பார்கள். காற்று பலமாக இருந்தால் நடை இன்னும் கனக்கும். அங்குலம் அங்குலமாக இரும்பு எழும்பும், கப்பல் கடக்கும், மறுபடி எதிர்த்திசையில் நடை. நூறு வருடத்துக்கு மேல் இப்படித்தான்.

1914 பிப்ரவரி 24 அன்று பாலம் திறந்தது. தனுஷ்கோடி நிலையம் கடல்வழிக்குத் தயாரானது. அக்கரையில் இலங்கை அரசு ரயில்வே மதவாச்சியிலிருந்து தலைமன்னார் துறை வரை பாதை போட்டிருந்தது. கர்சன், எல்ஜின், ஹார்டிஞ் என்று வைஸ்ராய்களின் பெயர் தாங்கிய கப்பல்கள் ஓடின. பிற்காலத்தில் கோஷன், இர்வின் வந்தன. எழும்பூரில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் கொழும்புக் கோட்டை வரை போகலாம். ரயிலிலிருந்து இறங்கி, சுங்கச் சோதனையைத் தாண்டி, மூட்டைமுடிச்சோடு நடந்து கப்பலேறினால் மாலைக்குள் அக்கரை. இரவு ரயில் பிடித்தால் காலையில் கொழும்பு.

மணல் நாக்கில் ஓர் ஊர் வளர்ந்தது. சுங்க அலுவலகம், தபால் நிலையம், மருத்துவமனை, பள்ளி, ஊழியர் குடியிருப்பு, மாதா கோயில், பிள்ளையார் கோயில் எல்லாம் வந்தன. தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு மட்டும் இந்தப் பயணம் நேராக அமையவில்லை. முதலில் மண்டபத்து முகாமில் நிறுத்திவைப்பார்கள். காலரா, அம்மை இருக்கிறதா என்று பார்த்து, ஊசி போட்டு, துணிகளை ஆவியில் அவித்து, சில நாள் காவலில் வைத்த பிறகே அனுப்புவார்கள். மண்டபம் கேம்ப் என்று இன்றும் ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையில் இருப்பது அந்த முகாம்தான்.

ராமேஸ்வரம் ஊர்க்காரர்களுக்கு அந்த ரயில் கடிகாரமாகவும் செய்தித்தாளாகவும் இருந்தது. இரண்டாம் உலகப்போரின்போது ராமேஸ்வரத்தில் வண்டி நிற்பதை ரத்து செய்தார்கள். ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் ஓடும் ரயிலிலிருந்தே பத்திரிகைக் கட்டுகளை வெளியே எறிந்துவிட்டுப் போவார்கள். ஊருக்குப் பேப்பர் விநியோகம் செய்துவந்த சம்சுதீனுக்குக் கட்டுகளைப் பொறுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அவருடைய உறவுக்காரப் பையன் ஒருவன் சேர்ந்துகொண்டான். தன் முதல் சம்பளம் அதுதான் என்று அப்துல் கலாம் பின்னாளில் பெருமையோடு எழுதினார்.

1952 ஆகஸ்டில் மானாமதுரையில், தனுஷ்கோடி போன போட் மெயிலின் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் கிடந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது தலையில்லாத உடல் இருந்தது. ஆளவந்தார் கொலை வழக்கு என்று அது சென்னை மாகாணத்தையே உலுக்கியது. போட் மெயில் தமிழர்களின் பேச்சில் எவ்வளவு ஆழமாக நுழைந்திருந்தது என்பதற்கு அந்தப் பரபரப்பும் ஒரு சாட்சி.

பாதையின் அடித்தளம் அதற்கு முன்பே ஆட்டம் கண்டிருந்தது. சுதந்திரம் பெற்ற இலங்கை 1948-இல் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், தோட்டங்களில் குடியேறிய மலையகத் தமிழர் சுமார் 7 லட்சம் பேரை நாடற்றவர்கள் ஆக்கியது. தாத்தா தகர வில்லையோடு போன பாதையில் பேரன் பாஸ்போர்ட்டும் விசாவும் காட்ட வேண்டிய நிலை. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரையும் அவர்களுடைய பிள்ளைகளையும் இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்றது அது. அவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. ஐம்பது வருடம் ஆட்களை ஏற்றிவிட்ட தனுஷ்கோடி, இனி இறக்கிக்கொள்ளப்போகிறது என்ற நிலைமை உருவானது.

அதற்கு இரண்டு மாதம் கூட அவகாசம் கிடைக்கவில்லை. டிசம்பர் 17 வாக்கில் தெற்கு அந்தமான் கடலில் உருவான தாழ்வு நிலை புயலாகி, 22-ஆம் தேதி இலங்கையின் வவுனியாப் பக்கத்தைக் கடந்து, அன்றிரவு தனுஷ்கோடியில் விழுந்தது. பாம்பனிலிருந்து இரவு 11.55-க்குக் கிளம்பிய 653-ஆம் எண் பாசஞ்சர், தனுஷ்கோடி வெளிச் சிக்னலை நெருங்கிய நேரத்தில் கடல் எழுந்தது. பதிவேட்டின்படி 110 பயணிகள், 5 ஊழியர்கள். யாரும் பிழைக்கவில்லை. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். ஊரில் குடிசை, கல்வீடு என்ற பேதமில்லாமல் எல்லாம் போயின. புயலில் இறந்தவர்கள் மொத்தம் 1,800 பேர் இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. தந்தி, தொலைபேசி எல்லாம் அறுந்துபோனதால் இரண்டு நாள் கழித்தே, மண்டபத்திலிருந்த கடல்துறை அதிகாரி சொன்ன தகவலை வைத்து, ரயில்வே தலைமையகம் செய்தி வெளியிட்டது.

பாம்பன் பாலத்தில் 126 கர்டர்கள் கடலில் விழுந்தன. ஷெர்சர் தூக்குக் கண் நிமிர்ந்து நின்றது. பழுது பார்க்கும் பொறுப்பு 32 வயது பொறியாளர் இ.ஸ்ரீதரனுக்கு வந்தது, பின்னாளில் கொங்கண் ரயிலையும் டெல்லி மெட்ரோவையும் கட்டியவர் அவர்தான். ஆறு மாதம் கெடு. கடலுக்குள் கர்டர்கள் கிடக்கும் இடங்களை மீனவர்கள் அடையாளம் காட்டினார்கள். அவற்றைத் தூக்கியெடுத்துச் சீர்செய்து திரும்பப் பொருத்தி, 46 நாளில் ரயிலை ஓடவைத்தார்.

தண்டவாளம் ராமேஸ்வரத்தோடு நின்றுவிட்டது. தனுஷ்கோடி மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. ஃபிளீட்வுட்டின் துறைமுக நிலையத்தை இங்கிலாந்தில் 1966 ஏப்ரலில் மூடினார்கள். முன்னோடி நிலையமும் அதைப் பின்பற்றியதும் ஒன்றரை வருட இடைவெளிக்குள் அட்டவணையிலிருந்து மறைந்தன. ஒன்றை வேறொரு தடம் தின்றது, மற்றொன்றைக் கடல்.

தனுஷ்கோடி போனதோடு கடல்வழி செத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. கப்பல் ராமேஸ்வரத்துக்கு இடம் மாறியது. ராமானுஜம் என்ற கப்பல் அங்கிருந்து தலைமன்னாருக்கு ஓடியது. ஒப்பந்தப்படி நாடு கடத்தப்பட்ட மலையகத் தமிழர்கள், மூன்று தலைமுறை கொழுந்து பறித்த மலைகளை விட்டு, பார்த்தேயிராத தாய்நாட்டுக்கு அதில் வந்து இறங்கினார்கள். மூதாதையரை ஊசி போட்டு அனுப்பிய மண்டபம் முகாமே அவர்களையும் வரவேற்றது. நீலகிரி, கொடைக்கானல் மலைகள் என்று சிதறிப்போன அவர்களின் கதைக்கு இந்தப் பாதையின் வரலாற்றில் இதைவிட அதிக இடம் கொடுத்திருக்க வேண்டும், நாம் கொடுக்கவில்லை. இலங்கையில் 1983 கலவரத்துக்குப் பின் போர் மூண்டு, 1984-இல் அந்தக் கப்பலும் நின்றது. பிறகு வந்தவர்கள் டிக்கெட் இல்லாமல், இரவில், படகில் வந்தார்கள். 2022-இல் இலங்கைப் பொருளாதாரம் சரிந்தபோதும் தனுஷ்கோடியை ஒட்டிய மணல்திட்டுகளில் குழந்தைகளோடு குடும்பங்கள் இறக்கிவிடப்பட்டன. நிலையம் இல்லாவிட்டாலும் இந்த நீர்வழியில் மனிதர்கள் வருவது நிற்கவில்லை.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 1988-இல் சாலைப் பாலம் வந்து ரயிலை நம்பியிருந்த நிலைமை மாறியது. 2007-இல் பாம்பன் அகலப் பாதையானது. போரில் அழிந்த தலைமன்னார் பாதையை இந்திய ரயில்வே நிறுவனமான இர்கான் திரும்பப் போட்டது. 2015 மார்ச்சில் அங்கு மறுபடி ரயில் ஓடியது. 2017-இல் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை சாலை திறந்தது. 2019 மார்ச்சில் ராமேஸ்வரம் – தனுஷ்கோடி ரயில் பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 17 கிலோமீட்டர், 208 கோடி ரூபாய். நிலம், சுற்றுச்சூழல் ஆகிய கேள்விகளில் அது நின்றுபோனது. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பர் 23-ஆம் தேதியோடு ரயில் நிறுத்தப்பட்டது, புயலடித்த இரவு நள்ளிரவைத் தாண்டிய அதே தேதியில். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறந்தது; 72.5 மீட்டர் நீளமுள்ள அதன் நடுப்பகுதி மோட்டாரில் செங்குத்தாக எழும்பும். 2023 அக்டோபரில் இலங்கைக்குப் பயணிகள் கப்பல் மறுபடி கிளம்பியது, 1861-இல் ரயில் தொடங்கிய அதே நாகப்பட்டினத்திலிருந்து, காங்கேசன்துறைக்கு. சென்னையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ஒரு வண்டி இன்றும் போட் மெயில் என்ற பெயரிலேயே ஓடுகிறது.

தனுஷ்கோடிக்கு மறுபடி தண்டவாளம் வேண்டுமா? வேண்டாம் என்பதே என் கருத்து. அந்த நிலையம் நின்றது கப்பலுக்காக. கப்பல் இல்லாத இடத்துக்கு, வருடாவருடம் கடல் அரிக்கும் மணலில், வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்காக ரயில் விடுவது அந்தப் பழைய கம்பெனியின் கணக்குக்கே ஒத்துவராது. தலைமன்னாருக்குக் கப்பல் வேண்டும். அது ராமேஸ்வரத்திலிருந்தே போகலாம். செலவழிக்கிற பணத்தை மிஞ்சியிருக்கும் சுவர்களைக் காப்பாற்றச் செலவழிக்கட்டும்.

அந்தச் சுவர்களை அருகில் போய்ப் பாருங்கள். மாதா கோயிலிலும் வீடுகளிலும் இருப்பது செங்கல் அல்ல, முருகைக்கல். கடலடியிலிருந்து பெயர்த்தெடுத்த பவளப்பாறை. பவளப் பூச்சிகள் கட்டிய நட்சத்திர நட்சத்திரமான துளைகள் இன்றும் கல்லில் அப்படியே இருக்கின்றன. உப்புக்காற்றில் அவை பொடிந்து உதிர்கின்றன. மன்னார் வளைகுடாவில் பவளம் எடுப்பது இன்று சட்டப்படி குற்றம். அது நல்ல சட்டம். ஆகவே உதிர்ந்த கல்லுக்கு மாற்றுக்கல் கிடையாது. அரிச்சல்முனைக்குப் போகிற வழியில் அங்கே இறங்குகிறவர்கள் சுவர்மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள், ஒரு துண்டுக் கல்லைக்கூட நினைவுப் பொருளாக எடுத்து வராதீர்கள். உங்கள் குடும்பத்தில் யாராவது இந்தக் கப்பலில் போனவர்களோ வந்தவர்களோ இருந்தால், இப்போதே உட்காரவைத்துக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய டிரங்குப் பெட்டியில் ஒரு கொழும்பு டிக்கெட்டோ, எண் பொறித்த தகர வில்லையோ கிடைத்தால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.